இரண்டு தீவுகளின் கணக்கு

(நமது சங்கத்தின் மூத்தோர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் வேலை பார்த்தவன் பேசுகிறான் என்றதும், எஃப்.டி. வட்டி, நாமினேஷன், சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த விஷயங்களுக்கு சாயங்கால வாக்கிங்கில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம், எப்போதும்போல. இன்றைக்கு நான் கேட்டு வாங்கிக்கொண்ட தலைப்பு வேறு. சின்ன நாடுகள் எப்படிப் பிழைக்கின்றன? பெரிய நாடு தப்பு செய்தால் அதைத் தப்பு என்று சின்ன நாடு சொல்லலாமா? சொன்னால் என்ன ஆகும், சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

நமக்கு எதற்கு இது என்று கேட்காதீர்கள். நம் குடியிருப்பில் சிங்கப்பூரில் மகனோ மகளோ இருக்கிற வீடுகள் உண்டு. இலங்கையோ, ராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரம். இந்த இரண்டு தீவுகளையும் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு சின்ன கற்பனை. ஜி.எஸ்.டி. சாலையில் கிளாம்பாக்கம் பக்கம் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். சட்டப்படி உங்களுக்கும் அந்த ரோட்டில் அதே உரிமைதான். ஆனால் உரிமையை நம்பி யாரும் பஸ்ஸுக்குக் குறுக்கே வண்டியை விடுவதில்லை. கை பிரேக்கில்தான் இருக்கும். இது யதார்த்தம். அதே சமயம், அந்த ரோட்டில் சிக்னல் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்படுகிறவரும் ஸ்கூட்டர்காரர்தான். சிக்னல் இல்லாவிட்டாலும் பஸ் போய்விடும். ஸ்கூட்டர் போக முடியாது. சர்வதேசச் சட்டம், ஐ.நா. சாசனம் என்று சின்ன நாடுகள் ஓயாமல் பேசுவதை வெறும் உபதேசம் என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. கொள்கையும் சுயநலமும் அங்கே ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன. எது எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இலங்கையிலிருந்து தொடங்குகிறேன். 1951 செப்டம்பர். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்ய சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு. இந்தியா போகவில்லை, பிறகு தனியாக உடன்படிக்கை செய்துகொண்டது. இலங்கையிலிருந்து அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தனா போயிருந்தார். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டவை. நஷ்ட ஈடு கேட்க இலங்கைக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவரோ, பகையைப் பகையால் தீர்க்க முடியாது என்ற புத்தரின் போதனையைச் சொல்லி, எங்களுக்கு நஷ்ட ஈடு வேண்டாம், ஜப்பான் சுதந்திர நாடாக இருக்கட்டும் என்று பேசினார். ஐ.நா.வில் உறுப்பினராகக்கூட இல்லாத நாடு அன்றைய இலங்கை. 1955-இல்தான் அங்கே இடம் கிடைத்தது.

இதை ஜப்பான் மறக்கவில்லை. கொழும்பு அருகே ஸ்ரீ ஜயவர்தனபுர பொது மருத்துவமனை ஜப்பானின் நன்கொடையாக 1984-இல் திறக்கப்பட்டது. 2022-இல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இந்தியா, பிரான்சுடன் சேர்ந்து தலைமை ஏற்ற நாடும் ஜப்பான்தான். அந்த 1951 பேச்சினால்தான் இதெல்லாம் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த உறவின் முதல் வரவு அன்றைக்கு எழுதப்பட்டது.

சரி, அறம் பேசிய அதே அரசாங்கம் அடுத்த வருடம் என்ன செய்தது தெரியுமா? இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1952-இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. அதில் சீனாவும் இறங்கியிருந்தது. சீனாவுக்கு ரப்பர் போன்ற போர்ப் பொருட்களை யாரும் விற்கக் கூடாது என்று 1951 மே மாதம் ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் போட்டது. மீறி விற்கிற நாட்டுக்கு உதவி கிடையாது என்று அமெரிக்கா தனியாகச் சட்டமே இயற்றிவிட்டது. இலங்கையிலோ ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. அரிசியோ உலகச் சந்தையில் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் யானை விலை. ரேஷன் அரிசியை நம்பியிருந்த நாடு அது. அரிசி இல்லை என்றால் எந்த அரசாங்கமும் நிற்காது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆட்சியில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. சுத்தமான கம்யூனிச எதிர்ப்புக் கட்சி. திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. சீனாவை அங்கீகரித்திருந்தார்களே தவிர, அங்கே தூதரகம் கிடையாது. இப்படிப்பட்ட அரசாங்கம், பிரதமர் டட்லி சேனநாயக்கா, வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கா காலத்தில், 1952 டிசம்பரில் செஞ்சீனாவோடு ஒப்பந்தம் போட்டது. வருடத்துக்கு 2,70,000 டன் அரிசி வாங்கிக்கொண்டு 50,000 டன் ரப்பர் கொடுப்பது, 5 வருடத்துக்கு. ரப்பருக்குச் சந்தை விலையைவிட அதிகம், அரிசி சந்தை விலையைவிடக் குறைவு. வியாபாரம் என்று பார்த்தால் பிரமாதம். அமெரிக்க உதவி சில வருடங்களுக்கு இல்லாமல் போனது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

பி.காம். படித்தவன் என்கிற முறையில் இந்த ஒப்பந்தத்தில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நான்கு பேருக்குப் பகையானாலும் ஊருக்குச் சோறு போட்டார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சீனாவோடு வியாபாரம் செய்ததற்காகத் தங்கள் கொள்கையை மாற்றிக்கொண்டதாக அவர்கள் நடிக்கவில்லை. எங்களுக்கு உங்கள் கட்சி பிடிக்காது, உங்கள் அரிசி வேண்டும், அவ்வளவுதான். சின்ன நாட்டுக்கு இந்த நேர்மை முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதே இலங்கையின் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேசினால் நான் தமிழ்நாட்டில் உட்கார்ந்து பேசுகிறேன் என்பதற்கே அர்த்தம் இல்லை.

1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அந்த ரப்பரிலும் தேயிலையிலும் உழைத்தவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். நேரு இருந்தவரை, அவர்கள் இலங்கையில் வாழ்கிற இலங்கைக்காரர்கள், நான் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தியாவின் நிலை. 1964 மே மாதம் நேரு மறைந்தார். அதே வருடம் அக்டோபர் 30-ஆம் தேதி சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஏன் இந்தியா இறங்கி வந்தது? 1962 சீனப் போரில் அடிபட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு நண்பராவது வேண்டும், இலங்கை சீனா பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. பெரிய நாட்டின் பயத்தைச் சின்ன நாடு சரியாக எடை போட்டு, தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டது. ராஜதந்திரம் என்று பார்த்தால் சிரிமாவோ அம்மையாருக்கு வெற்றி. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தொண்டமான் ஆட்சேபித்தார், எடுபடவில்லை.

எண்பதுகளில் நீலகிரியில் ஒரு கிளையில் சில வருடம் வேலை பார்த்தேன். தாயகம் திரும்பியவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968-இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது, இன்றைக்கு டான்டீ என்று சொல்கிறோமே, அதில் வேலை பார்த்தவர்கள் எங்கள் கவுன்டருக்கு வருவார்கள். கணக்கு தொடங்கும் விண்ணப்பத்தில் பிறந்த ஊர் பதுளை, அட்டன், நுவரெலியா என்று இருக்கும். அந்தக் காலத்தில் கணக்கு தொடங்க, ஏற்கனவே கணக்கு வைத்திருக்கிற ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும், இங்கே உள்ளவர்களுக்கு நினைவிருக்கும். "உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால், "இந்த ஊரிலேயா ஐயா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தாயகம் திரும்பியவர்கள் என்று அரசாங்கம் பெயர் வைத்தது. அவர்களில் பலர் அதற்கு முன் இந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. வெளியுறவுக் கொள்கையில் யதார்த்தம் என்ற சொல்லை யார் சொன்னாலும், எனக்கு அந்த விண்ணப்பங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

இப்போது சிங்கப்பூர். இங்கேயும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரைச் சொல்லாமல் முடியாது. 1915-இல் வட்டுக்கோட்டையில் பிறந்து, மலேயாவில் சிரம்பானில் வளர்ந்து, லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் பத்திரிகையாளராகத் திரும்பியவர் எஸ். ராஜரத்தினம். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர், 1965-லிருந்து 1980 வரை. அங்கே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சொல்லும் தேசிய உறுதிமொழியை முதலில் எழுதியவரும் அவரே. உங்கள் பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரில் படித்தால் கேட்டுப் பாருங்கள், மனப்பாடமாகச் சொல்வார்கள்.

1965 மார்ச் 10. சிங்கப்பூர் அப்போது மலேசியாவோடு சேர்ந்திருந்தது. மலேசியாவை இந்தோனேசியா ஏற்கவில்லை. ஆள் அனுப்பிக் குண்டு வைத்துக்கொண்டிருந்தது. ஆர்ச்சர்டு சாலையில் மெக்டொனால்டு ஹவுஸ் என்ற கட்டடத்தில் குண்டு வெடித்தது. அந்தக் கட்டடத்தில் ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் கிளை இருந்தது. இறந்த மூன்று பேரில் இரண்டு பெண்கள் வங்கி ஊழியர்கள். சாதாரண வேலை நாள். குண்டு வைத்த இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் இரண்டு பேர் பிடிபட்டார்கள். மரண தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன மேல்முறையீடும் தள்ளுபடி.

அதற்குள் காலம் மாறிவிட்டது. சிங்கப்பூர் தனி நாடாகியிருந்தது. இந்தோனேசியாவில் சுகர்னோ போய் சுகார்த்தோ வந்து, சமாதானமாகி, 1967-இல் ஆசியான் அமைப்பே தொடங்கியாகிவிட்டது. பிரிட்டிஷ் படை கிளம்பப் போகிறது என்று 1968 ஜனவரியில் அறிவிப்பும் வந்துவிட்டது. இந்த நேரத்தில் சுகார்த்தோவே கேட்கிறார், அந்த இரண்டு பேரையும் தூக்கில் போடாதீர்கள் என்று. சிங்கப்பூரில் சுமார் 20 லட்சம் பேர். இந்தோனேசியாவில் 10 கோடிக்கு மேல். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

1968 அக்டோபர் 17-ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். ஜகார்த்தாவில் கூட்டம் சிங்கப்பூர்த் தூதரகத்தைச் சூறையாடியது. லீ குவான் யூ அரசின் வாதம் இதுதான்: எங்கள் கோர்ட் கொடுத்த தீர்ப்பை பெரிய நாடு சொன்னதற்காக மாற்றினால், அடுத்த முறையும் இதையேதான் கேட்பார்கள். மரண தண்டனை சரியா என்பது வேறு விவாதம், எனக்கே அதில் உடன்பாடு இல்லை. நான் சொல்வது அந்த முடிவின் துணிச்சலை.

கதை அங்கே முடியவில்லை. 1973 மே மாதம் லீ குவான் யூ ஜகார்த்தா போனார். அங்கே வீரர்கள் கல்லறையில், தான் தூக்கிலிட்ட அந்த இரண்டு பேருடைய சமாதியில் பூத் தூவினார். தீர்ப்புக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் உணர்வை மதிக்கிறேன் என்று காட்டினார். உறவு சரியாயிற்று. இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதரின் கணக்கு புரியும். 2014-இல் இந்தோனேசியா ஒரு போர்க்கப்பலுக்கு அதே இரண்டு பேர் பெயரை வைத்தபோது, சிங்கப்பூர் உடனே கண்டனம் தெரிவித்தது. பூப் போட்டது வேறு, மறந்துவிட்டது வேறு.

இன்னொரு வேடிக்கை. புது நாட்டுக்குப் படை பயிற்சி கொடுக்க இஸ்ரேலிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். சுற்றிலும் முஸ்லிம் நாடுகள், வெளியே தெரிந்தால் வம்பு. கேட்டால், இவர்கள் மெக்சிகோக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்களாம். பிழைக்கத் தெரிந்தவர்கள்.

1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் நுழைந்து, ஜனவரியில் பொல் பொட் ஆட்சியை விரட்டியது. பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொந்த மக்களைச் சாகடித்த ஆட்சி அது. விரட்டியது நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். இந்தியா 1980-இல் புதிய அரசை அங்கீகரித்தது. ராஜரத்தினமோ ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரிய அண்டை நாடு படையோடு வந்து அரசாங்கத்தை மாற்றுவதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், நாளைக்கு நம் வாசலில் யார் நிற்பார்கள் என்பது அவர் கேள்வி. அதன் விலை என்ன தெரியுமா? ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி பொல் பொட் தரப்பிடமே இருக்கட்டும் என்று சிங்கப்பூரும் ஆசியானும் வருடா வருடம் வாதாட வேண்டி வந்தது. இது எனக்கு ஜீரணிக்க முடியாத பகுதி. கொள்கைக்காக நின்றவர்கள் கொலைகாரன் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. இதை மறைத்துவிட்டு சிங்கப்பூர் புகழ் பாடுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1983 அக்டோபரில் அமெரிக்கா கிரெனடா என்ற குட்டித் தீவுக்குள் படையை இறக்கியது. சிங்கப்பூருக்கு அமெரிக்கா நெருங்கிய நண்பன், பாதுகாப்பே அவர்களை நம்பித்தான். ஐ.நா. பொதுச் சபையில் அதைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 108 நாடுகள் ஓட்டுப் போட்டன. அதில் சிங்கப்பூரும் ஒன்று. வியட்நாமுக்கு ஒரு நியாயம், வாஷிங்டனுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ளவில்லை. 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் போனபோதும் அதே வழிதான். ஐ.நா. பாதுகாப்பு சபை சொல்லாமலேயே, நாற்பது வருடங்களுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, தானாகவே தடை விதித்தார்கள். நான்கு ரஷ்ய வங்கிகளோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தினார்கள். பார்லிமென்டில் அதை அறிவித்த வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன். தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர்.

சீனாவிடம் மட்டும் பயமில்லையா? உண்டு. தென்சீனக் கடல் தகராறில் சட்டம் பேசியதால் 2016-இல் பெய்ஜிங்குக்குக் கோபம். தைவானில் பயிற்சி முடித்துத் திரும்பிய சிங்கப்பூர் ராணுவத்தின் 9 கவச வண்டிகள் அந்த நவம்பரில் ஹாங்காங் துறைமுகத்தில் பிடித்து வைக்கப்பட்டன. இரண்டு மாதம் கழித்து வண்டிகள் திரும்பி வந்தன. சத்தம் போடாமல் பேசித்தான் வாங்கினார்கள்.

இப்போது இரண்டு தீவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 2022. அதே மார்ச் மாத உக்ரைன் தீர்மானம். சிங்கப்பூர் ஆதரித்தது, இலங்கை வாக்களிக்காமல் ஒதுங்கியது. இந்தியாவும் ஒதுங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தியா ஒதுங்கியதற்கும் இலங்கை ஒதுங்கியதற்கும் வித்தியாசம் உண்டு. அடுத்த மாதம் 12-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று கொழும்பு அறிவித்தது. மே மாதத் தொடக்கத்தில் கையில் செலவழிக்கக்கூடிய டாலர் 5 கோடிக்கும் குறைவு என்று அவர்கள் நிதியமைச்சரே சொன்னார். ஒரு நாட்டின் கஜானாவில் நம் பணத்துக்கு 400 கோடி ரூபாய்கூட இல்லை. பெட்ரோலுக்கு வரிசை, கேஸ் சிலிண்டருக்கு வரிசை. இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. அந்த உதவி போய்க்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் வருகிறது.

முதலில் வா என்றார்கள். டெல்லி முகம் சுளித்ததும், தள்ளிப்போடுங்கள் என்று சீனாவிடம் கேட்டார்கள். பிறகு மறுபடி வா என்றார்கள். ஆகஸ்ட் 16-ஆம் தேதி அம்பாந்தோட்டையில் நின்றது, 22-ஆம் தேதி கிளம்பியது. இதைப் பார்த்து நம் டிவி விவாதங்களில் இலங்கையைத் துரோகி என்று திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அது துரோகமாகப் படவில்லை. இரண்டு பக்கமும் கடன் வாங்கியவன், இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தால் எப்படி இருப்பானோ, அப்படி இருந்தது.

அம்பாந்தோட்டை பற்றி ஒரு திருத்தம். கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. 2017-இல் 112 கோடி டாலருக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். அந்தப் பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. துறைமுகக் கடன் அப்படியே பாக்கி நின்றது. இலங்கையின் கழுத்தைப் பிடித்ததில் பெரும்பங்கு சந்தையில் விற்ற கடன் பத்திரங்களுக்கு. அதற்குச் சீனாவை மட்டும் குறை சொல்ல முடியாது.

நான் முப்பத்தைந்து வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கொள்கைக்கும் மினிமம் பேலன்ஸ் வேண்டும். சிங்கப்பூர் நியாயம் பேச முடிந்ததற்கு ராஜரத்தினத்தின் பேனா பாதிக் காரணம் என்றால், நிரம்பிய கஜானாவும், 1967-லிருந்து ஒவ்வொரு பையனும் கட்டாயம் செய்கிற ராணுவ சேவையும் மீதிப் பாதி. இலங்கைக்கு அறம் தெரியாமல் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் பார்த்தோமே. வெளியே பேசிய அறத்தை உள்நாட்டில் சொந்த மக்களிடம் காட்டாமல், முப்பது வருடத்துக்கு அருகில் யுத்தம் நடத்தி, இருப்பையெல்லாம் கரைத்துவிட்டு நின்றார்கள். வெளியுறவு என்பது வீட்டுக்குள்ளேதான் ஆரம்பிக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அதற்குப் பிறகு கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது. 2024-இல் எந்த நாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் ஒரு வருடம் அனுமதி இல்லை என்று பொதுவாக ஒரு விதி போட்டார்கள். சீனாவுக்கு இல்லை என்று சொன்னால் சண்டை; யாருக்கும் இல்லை என்று சொன்னால் விதி. அந்த டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லிக்கு வந்து, எங்கள் மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேள்வி நேரத்தில் ஒரு அம்மா பூட்டானைப் பற்றிக் கேட்டார். நல்ல கேள்வி. ஐ.நா. பாதுகாப்பு சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரோடும் பூட்டானுக்குத் தூதரக உறவு கிடையாது. பெரியவர்கள் சகவாசமே வேண்டாம் என்பதும் ஒரு வழி. ஆனால் மகிழ்ச்சியை அளக்கிற நாடு என்று பெயர் வாங்கிய அதே பூட்டானிலிருந்து தொண்ணூறுகளில் நேபாளி பேசும் மக்கள் லட்சத்தை ஒட்டி வெளியேறி, நேபாளத்தில் முகாம்களில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கச்சத்தீவைப் பற்றி மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். 1974, 1976 என்று இரண்டு ஒப்பந்தங்கள், மீனவர் பிரச்சினை, கோர்ட் வழக்கு என்று அது தனியாக ஒரு மாலைக்கு வரும். மணி எட்டாகிவிட்டதாலும், ஹாலை யோகா வகுப்புக்குக் கொடுக்க வேண்டியிருந்ததாலும், அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.